புதுப்பிப்பு: கோடை விடுமுறையும் கோட்டைச்சுவர் நாவலும்

பிள்ளைகள் இருவரும் விடுமுறைக்குக் கம்பத்தில் உள்ள அம்மாச்சி வீட்டுக்குச் செல்வதால், தேங்கிக் கிடக்கும் நாவலை அதற்குள் முடிக்க இயலுமா என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். முதல் வரைவு முடிந்துவிட்டது.

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச்சுவரை இடித்து அகழியைத் தூர்ப்போருக்கே அந்த நிலம் சொந்தம் என்று அறிவிக்கப்பட்டதும், வேலையை நடத்திய மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்று தெருப்பெயர்களாக நிற்பதும் பலர் அறிந்தவை. மண் சுமந்து அகழியை நிரப்பிய ஒரு குடும்பம், ஈரம் காயாத அந்த நிலத்தில் முதல் இரவை எப்படிக் கழித்திருக்கும் என்பதைத்தான் என்னால் எழுத முடியாமல் இருந்தது. பள்ளி வேனுக்கு யாரையும் எழுப்ப வேண்டாத காலைகளில், பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே எஞ்சியிருக்கும் கோட்டைக் கற்களைப் பார்த்துவிட்டு வந்து, வெயில் ஏறும்வரை இடையூறின்றி எழுதியபோது அந்த அத்தியாயம் கூடிவந்தது. இந்தக் கோடையில் எழுதியவற்றில் நான் மிகவும் நேசிப்பது அதைத்தான்.

தேதிகளை மறந்து மனிதர்களை எழுதுங்கள் என்று சொன்ன அக்காவுக்கு என் மனமார்ந்த நன்றி. நாவலில் வரும் அப்பத்தாவின் பேச்சு இன்னும் அந்தக் காலத்துக்குப் பொருந்தவில்லை என்பதால், பள்ளி திறந்தபின் இரவுகளில் அதைத் திருத்தப்போகிறேன்.