ஸூமில் பிள்ளைகளைப் பேச வைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். இலங்கையில், மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமை பின்னேரங்களில் ஸூமில் ஒரு சின்னக் குழு நடத்துகிறோம். வங்கிப் படிவம் நிரப்புவது, நேர்முகத்தில் பேசுவது எல்லாம் பழக்குகிறோம். மனநல உதவிக்கு 1926, சிறுவர் உதவிக்கு 1929 என்றும் சொல்லிக் கொடுத்தோம்.

படிவம் என்றால் கேள்வி மேல் கேள்வி. மனக்கவலை என்றதும் எல்லா மைக்கும் மியூட். போன் அப்பாவுடையது, பக்கத்தில் தம்பி. எப்படி வாய் திறப்பார்கள்? சாட்டில் மட்டும் "மிஸ், பிறகு சொல்றன்" என்று வரும். கமராவைப் போடச் சொல்லி வற்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை (டேட்டாவும் கரைந்துவிடும்).

பெயர் காட்டாமல், எழுத்திலேயே மனம்விட்டுப் பேச வைக்கும் விளையாட்டுகள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உளவளத்துணை படித்த ஒருவர் மாதம் ஒருநாள் சேர்ந்தாலும் பெரிய உதவி. மட்டக்களப்புப் பேச்சு பழகியவர் என்றால் இன்னும் நல்லது.