தகர டப்பாவில் வயலின்: லே லூத்தியேவைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் வேலை பார்த்த இரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம், தாங்களே செய்த விசித்திர வாத்தியங்களை வாசித்துச் சிரிக்க வைக்கும் அந்நாட்டு இசைக் குழுவான லே லூத்தியேவை கிரான் ரெக்ஸ் அரங்கில் நேரில் பார்த்ததுதான். கூட வேலை செய்த தோழி, தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் டிக்கெட்டை எனக்குக் கொடுத்தாள். கடையில் சாமான் வாங்கும் அளவு ஸ்பானிஷ்தான் அப்போது எனக்குத் தெரியும்.

குழுவில் ஒருவரான மார்க்கோஸ் முண்ட்ஸ்டாக் கையில் சிவப்பு ஃபைலோடு வந்து நின்றார். மாஸ்த்ரோபியேரோ என்ற இசையமைப்பாளரின் வாழ்க்கையை வாசித்தார். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை, குழுவின் கற்பனை. முண்ட்ஸ்டாக் வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவர். அந்தக் கனத்த குரலில், முகம் மாறாமல் அவர் வாசிக்க வாசிக்க அரங்கமே குலுங்கியது. எனக்குப் பாதிதான் புரிந்தது.

அடுத்து குழுவின் இன்னொருவரான லோபெஸ் புச்சோ ஒரு வாத்தியத்தைத் தோளில் சாய்த்தார். பதப்படுத்திய இறைச்சி வரும் தகர டப்பா! அதில் கழுத்தும் தந்திகளும் பொருத்தியிருந்தார்கள். பெயர் ‘லத்தீன்’. தகர டப்பாவுக்கு ஸ்பானிஷில் ‘லாத்தா’, அதை வயலினோடு கோத்த சிலேடை. எல்லாரும் சிரித்தோம். தந்தியில் வில் பட்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது. மூக்கால் பாடுவது போன்ற நாதம், ஆனால் ஒரு ஸ்வரம் பிசகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்கெல்லாம் விதை போட்டவர் ஹெரார்தோ மாசானா. 1965-இல் ஒரு பேதி மருந்தோடு வரும் குறிப்புத் தாளை, பாஃக் என்ற பழைய ஜெர்மன் இசையமைப்பாளரின் பாணியில் அப்படியே இசையமைத்தார். தெருவில் கிடந்த அட்டைக் குழாய்களைக் கொண்டுவந்து சக்கரம் வைத்த பெரிய ஊதுவாத்தியம் செய்தார். குழு பிறந்தது 1967-இல். 1973-இலேயே அவர் காலமாகிவிட்டார். அவர் போன பிறகும் ஐம்பது வருஷம் குழு நிலைத்து நின்றது என்றால், அது அவர் போட்ட அஸ்திவாரம்.

*

நீங்கள் நேரில் பார்த்தீர்கள்; நான் வயலின் கற்றுக்கொள்கிறவள், லே லூத்தியேவை வீடியோவில்தான் பார்த்தேன். தட்டச்சு இயந்திரத்தின் விசையைத் தட்டினால் உலோகக் குழாய் ஒலிக்கும் வாத்தியம் ஒன்று இருக்கிறதே, குழுவின் நூனியெஸ் கோர்த்தெஸ் அதை வாசிக்கும்போது அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் தடவை சாதகம் செய்த விரல்கள். வாசிப்பு சுத்தமாக இருப்பதால்தான் சிரிப்பும் வருகிறது என்பேன்.

*

அண்ணா, என் அனுபவம் சின்னதுதான். 2023-இல் அவர்கள் விடைபெறும் செய்தி வந்தபோது மகளுக்குப் பழைய நிகழ்ச்சிகளைப் போட்டுக் காட்டினேன். தோட்டத்து ரப்பர் குழாயில் புனல் மாட்டி ஊதும் ‘கோம் ஹார்ன்’ அவளுக்குப் பிடித்துப்போனது. நாங்களும் செய்தோம். முதல் நாள் வெறும் காற்று. உதட்டை இறுக்கி அதிரவிட்டதும் சட்டென்று ஒலி வந்தது. குழாயை ஒரு சாண் வெட்டினோம், சுருதி ஏறியது. வெட்டியதை ஒட்ட முடியாது என்று அவளுக்கு வருத்தம். இப்போது இன்னும் நீளமான குழாய் கேட்கிறாள், அடியில் இறங்கும் குரல் வேண்டுமாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வாங்கப் போகிறோம்.