புதுப்பிப்பு: ஜாப் ஒர்க் பணத்துக்குக் குடுத்த செக் ரிட்டர்ன் ஆச்சே, அது முடிஞ்சுதுங்க

திருப்பூர்ல பவர் டேபிள் வெச்சு டீசர்ட் தெச்சுக் குடுத்தேன், டெல்லி பார்ட்டி குடுத்த 4.6 லட்சம் செக் ரிட்டர்ன் ஆயிருச்சு, என்ன பண்றதுன்னு ஆறு மாசம் முன்னாடி இங்க கேட்டிருந்தேனுங்க. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

"பேசிட்டே நாள ஓட்டாதீங்க, செக் ரிட்டர்ன்னு பேங்க் குடுக்கற மெமோ வந்து 30 நாளுக்குள்ள வக்கீல் நோட்டீஸ் போகோணும்"னு ஒரு அண்ணா சொன்னாருல்ல, அதுதான் காப்பாத்துச்சு. பார்ட்டி "அடுத்த வாரம் அடுத்த வாரம்"னே இழுத்துட்டிருந்தான், நான் 22வது நாள் அனுப்பீட்டேன். நோட்டீஸ் கைக்குப் போயி 15 நாளாச்சு, காசு வரல, அதுக்கப்பறம் ஒரு மாசத்துக்குள்ள செக் ரிட்டர்னுக்கான 138வது பிரிவுல கேஸ் போட்டாச்சுங்க.

டெல்லிக்கு அலையோணுமோன்னு பயந்தேன், இல்லைங்க, நம்ம அக்கவுண்ட் இருக்கற பேங்க் ஊர்லயே போடலாமாம்.

எதிர்பாக்காதது என்னன்னா, நோட்டீசுக்கு அப்பறம் தையல் சரியில்லைன்னு ஒரு டெபிட் நோட் (பில்லுல காசு கழிக்கறேன்னு எழுதற சீட்டு) அனுப்புனான். சரக்கு வாங்கி 15 நாளுக்குள்ள எழுத்துல சொல்லலீன்னா ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்னு எம்எஸ்எம்இ (சிறு, குறு தொழில்) சட்டத்துல இருக்குதுங்க. சிறு தொழில்னு பதியற உத்யம் ஏற்கனவே எடுத்து வெச்சிருந்ததால, பாக்கி வராததுக்குப் புகார் குடுக்கற அரசாங்கத்து சமாதான் போர்ட்டல்லயும் போட்டேன், ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டின்னதும் ஆளு எறங்கி வந்துட்டான்.

அசல் முழுசா வந்துருச்சு, வட்டிய விட்டுட்டேன் (வூட்ல இன்னும் திட்டு). காசு அக்கவுண்ட்ல ஏறுனதுக்கு அப்பறந்தான் கேஸ் வாபஸ்ல கையெழுத்துப் போட்டேனுங்க.