வென்ஸ்குஸ் சொன்ன 'டிரடிஷன்ஸ்கெர்ன்': தமிழில் எப்படிச் சொல்வது, எங்கிருந்து படிப்பது?

கேள்வி: தெம்பனிஸ் வாசகி

வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ரைன்ஹார்ட் வென்ஸ்குஸ் (1916–2002) என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியரைப் பற்றி 30 நிமிடம் பேச வேண்டும். கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்தவர், 1963 முதல் கோட்டிங்கனில் பேராசிரியர், 1961இல் வந்த 'ஷ்டாமஸ்பில்டுங் உண்ட் ஃபெர்ஃபாஸுங்' (குடி உருவாக்கமும் ஆட்சியமைப்பும்) அவருடைய முக்கிய நூல் என்பது வரை தெரியும். கோத்தர், லங்கோபார்டுகள் போன்ற பழைய ஜெர்மானியக் குடிகள் எப்படி உருவாயின என்பதற்கு அவர் வைத்த சொல் 'டிரடிஷன்ஸ்கெர்ன்'. அதை 'மரபுக்கரு' என்று போட்டிருக்கிறேன். சரியா? என் ஜெர்மன் அரைகுறை. எந்த வரிசையில் படிக்கலாம்? இந்தக் கோட்பாடு இன்றும் நிற்கிறதா?

பதில் 1: ஏட்டுச்சுவடி

'கரு' வேண்டாம். கரு என்றதும் தமிழ்க் காதில் விழுவது வயிறும் ரத்தமும்தான். வென்ஸ்குஸ் மறுக்க வந்ததே அதை. அவருக்கு முந்திய தலைமுறையில் குஸ்டாஃப் கொஸின்னா போன்றவர்கள், ஒரே மாதிரிப் பானையும் ஊசியும் கிடைக்கும் நிலப்பரப்பு முழுவதும் ஒரே இனம் என்று வரைபடத்தில் கோடு போட்டார்கள். வென்ஸ்குஸ் சொன்னது வேறு. பல இடத்து ஆட்கள் சேர்ந்து நகரும் ஒரு படை, அதன் நடுவே குடிப்பெயரையும் தோற்றக் கதையையும் காப்பாற்றி வரும் சிறு குழு, பெரும்பாலும் ஓர் அரச குலமும் அதைச் சுற்றியவர்களும். சேருகிறவர்கள் அந்தப் பெயரையும் கதையையும் தமதாக்கிக்கொள்கிறார்கள். 'நாம் ஒரே வழியில் வந்தவர்கள்' என்ற நம்பிக்கைதான் குடியைக் கட்டுகிறது, உண்மையான பிறப்பு அல்ல. சிங்கப்பூர் அடையாள அட்டையில் 'இனம்' என்று ஒரு வரி பார்த்துப் பழகிய நமக்கு இது சட்டென்று ஏறாது, அதனால் பேச்சின் முதல் ஐந்து நிமிடம் இதற்கே போகட்டும்.

'மரபு ஏந்திய குழு' என்று சொல்லுங்கள். நீளம்தான், ஆனால் தப்பு வழியில் கொண்டுபோகாது. இன்னொன்று: நூல் தலைப்பில் வரும் 'ஷ்டாம்' என்ற ஜெர்மன் சொல்லைப் 'பழங்குடி' ஆக்கிவிடாதீர்கள், மெஷின் மொழிபெயர்ப்பு அப்படித்தான் தரும். நம் ஆட்களுக்கு அந்தச் சொல் மலைவாழ் மக்களை நினைவூட்டும். மன்னன் தியடோரிக்கின் கோத்தர்கள் இத்தாலியை ஆண்டவர்கள். வெறும் 'குடி' போதும்.

பதில் 2: லத்தீன் பிரியன்

வரிசை பற்றி. அந்த 1961 நூலில் தொடங்காதீர்கள். 600 பக்கத்துக்கு மேல், அடிக்குறிப்புகள் அடர்ந்தது, முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடையாது. முதலில் ஹெர்விக் வோல்ஃப்ராமின் கோத்தர் வரலாறு (ஜெர்மன் 1979, ஆங்கிலம் 1988). வென்ஸ்குஸின் யோசனையை ஒரு குடிக்கு முழுதாகப் பொருத்திக் காட்டியது அது. பிறகு ஆண்ட்ரூ கில்லெட் தொகுத்த 2002 கட்டுரைத் தொகுப்பு, எதிர்த்தரப்பின் வாதம் அங்கே இருக்கிறது. அதன் பிறகு வென்ஸ்குஸைத் திறந்து, உங்களுக்கு வேண்டிய குடி வரும் பகுதியை மட்டும் அகராதியோடு வாசியுங்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தேடுவதானால், மேல்மாடிக் குறிப்புதவிப் பிரிவு நூல்களை இரவல் எடுக்க முடியாது, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

மூல நூல்களுக்கு எங்கும் அலைய வேண்டாம். யோர்டானெஸ் லத்தீனில் எழுதிய கோத்தர் வரலாறான 'கெட்டிகா', மொம்சன் பதிப்பு (1882), எம்ஜிஹெச் (ஜெர்மானிய இடைக்கால மூல நூல் தொகுப்பு) தளத்தில் இலவசம். மியரோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு (1915) காப்புரிமை முடிந்தது.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். யோர்டானெஸ் எழுதியது சுமார் 551இல், கான்ஸ்டாண்டிநோபிளில். காசியோடோரஸின் 12 பாக வரலாற்றைச் சுருக்கியதாகச் சொல்கிறார், அதுவும் மூன்று நாள் இரவலில் படித்தேன் என்கிறார். அந்தக் காசியோடோரஸ் யார்? கோத்த அரசவையின் ரோம அதிகாரி. 533இல் மன்னன் அதலரிக் பெயரில் செனட்டுக்கு எழுதிய கடிதத்தில் அவரே, கோத்தரின் தோற்றத்தை இவர் ரோம வரலாறாக ஆக்கினார், கோத்த அரச குலமான அமல் குலத்துக்கு 17 தலைமுறை காட்டினார் என்று தம் பணியைப் புகழ்ந்துகொள்கிறார். தலைமுறைக்கு 25 ஆண்டு போட்டால் 425 ஆண்டு. அந்த 17, புராண முன்னோன் ஐனியாஸ் முதல் நகரை நிறுவிய ரோமுலஸ் வரை ரோமர் வைத்திருந்த கணக்கோடு ஒத்துப்போகிறது என்றும் ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். ஆக, கோத்தக் குழு வாய்வழியாகக் காத்த மரபு என்று நாம் எடுத்துக்கொள்வது, ஒரு ரோமர் மேசையில் உட்கார்ந்து தொடுத்ததாக இருக்கலாம். வென்ஸ்குஸை எதிர்க்கும் வரலாற்றாசிரியர் வால்டர் கோஃபார்ட் தரப்பின் அடி விழுவது இந்த இடத்தில்தான்.

பதில் 3: ஏட்டுச்சுவடி

அந்த அடி நியாயமானது. ஆனால் கெட்டிகா விழுந்தால் வென்ஸ்குஸும் விழுந்தார் என்று முடித்துவிடக் கூடாது. ஸ்லைடில் ஹெருலிகள் என்ற இன்னொரு ஜெர்மானியக் குடியைப் போடுங்கள். வரலாற்றாசிரியர் புரொகோபியஸ், அவர்கள் காலத்திலேயே வாழ்ந்தவர், இதை எழுதுகிறார்: ஹெருலிகள் தங்கள் மன்னனைத் தாங்களே கொன்றுவிட்டார்கள். பிறகு வருந்தி, அரச ரத்தம் உள்ள ஒருவரை அழைத்துவரத் தூரத்து 'தூலே'வுக்குத் (ஸ்காண்டிநேவியா) தூதர்களை அனுப்பினார்கள். தேர்ந்தெடுத்தவர் வழியிலேயே இறந்துபோக, தூதர்கள் திரும்பிப் போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார்கள். அதற்குள் ஊரில் இருந்தவர்கள் ரோமப் பேரரசர் ஜஸ்டினியனிடம் கேட்டு சுவார்டுவாஸ் என்பவரை மன்னனாக வாங்கிவிட்டார்கள். தூலே ஆள் நெருங்கிவிட்டார் என்ற செய்தி வந்ததும் சுவார்டுவாஸை ஒரே இரவில் கைவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அரச குலம் என்ற கயிறு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பேரரசர் தந்த மன்னனையும் முதலில் ஏற்றார்களே என்று யாராவது கேட்டால், அதுவும் சரிதான்.

வென்ஸ்குஸிடம் உண்மையிலேயே பலவீனமான இடம் வேறு: ஜெர்மானிய மன்னர் குலம் புனிதமானது என்பது பற்றி ஓட்டோ ஹோஃப்ளர் போன்றவர்களின் போருக்கு முந்தைய கருத்துகளை அதிகம் நம்பிவிட்டார். வென்ஸ்குஸின் வழியில் வந்த வால்டர் போல் பின்னர் 'ஒரே மையம்' என்பதைத் தளர்த்திவிட்டார்.

பதில் 4: கல்லாங் கரை

மரபணு பற்றிக் கட்டாயம் கேள்வி வரும், தயாராக இருங்கள். 2018இல் ஹங்கேரியின் சோலாட், டூரினுக்கு அருகே கொலெஞ்ஞோ ஆகிய இரண்டு லங்கோபார்டுக் காலக் கல்லறைத் தோட்டங்களில் 63 பேரை ஆராய்ந்தார்கள். பெரிய குடும்பங்களைச் சுற்றிப் புதைகுழிகள். வட, மத்திய ஐரோப்பிய வம்சாவளியினரிடம் படையல் பொருள்கள் அதிகம், தென்பகுதியினரிடம் குறைவு. கலப்பும் உண்டு, உறவுக்கூட்டமும் உண்டு. இரு கட்சிக்காரர்களும் இதைத் தமக்குச் சாதகமாகக் காட்டுவார்கள், நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள்.

நம் பக்கத்து ஒப்பீடு வேண்டுமென்றால் இரண்டு. புறநானூறு 201இல் கபிலர் குறுநில மன்னன் இருங்கோவேளை, வடபால் முனிவனின் தடவினுள் (வேள்விக் குண்டத்தில்) தோன்றித் துவரையை ஆண்டு 49 தலைமுறை வந்தவர்களின் வழியினன் என்கிறார். மலாய் அரச வரலாற்று நூலான செஜாரா மெலாயுவோ சிங்கப்பூரை நிறுவிய சாங் நீல உத்தமாவின் வம்சத்தை ராஜா சூலான் வழியாக இஸ்கந்தர் சுல்கர்னைன் (மகா அலெக்சாந்தர்) வரை கொண்டுபோகிறது. அதன் பெயர்பெற்ற வடிவம் 1612இல் தொகுக்கப்பட்டது, நகரம் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் காலத்துக்கு முந்நூறு ஆண்டு கழித்து. கெட்டிகாவையும் சேர்த்து மூன்றுக்கும் ஒரே கேள்விகளைப் போடுங்கள்: யார் எழுதினார், யார் கேட்க, நிகழ்ச்சிக்கு எத்தனை ஆண்டு பின்? ஒரு ஸ்லைடில் மூன்று பத்தியாக வைத்தால் போதும்.

தெம்பனிஸ் வாசகி

'மரபு ஏந்திய குழு' என்று மாற்றிவிட்டேன். ஹெருலிகளுக்கு ஏழு நிமிடம் ஒதுக்குகிறேன். புறநானூற்று வரியை முதல் ஸ்லைடிலேயே வைத்துவிடுகிறேன், வட்டத்தில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம்.