பேரூராட்சியின் கடைசி பட்ஜெட்: ஊர் நுழைவு ஆர்ச் கட்டும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பேரூராட்சி பட்ஜெட் கூட்டத்தின் அஜெண்டா கைக்கு வந்துவிட்டது. நம்ம வார்டு உறுப்பினர் போனில் படம் எடுத்து அனுப்பியதுதான். ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தாலும் தீர்மானங்களைப் படிக்க முடிகிறது. "ஓட்டே இங்கே மும்பைப் பக்கம்தான், நமக்கும் அந்தப் பஞ்சாயத்துக்கும் என்ன சம்பந்தம்" என்று டோம்பிவிலி அண்ணாச்சி போன வாரம் கேட்டிருந்தார். ஓட்டு இங்கே, சரி. வீடு அங்கேதானே இருக்கிறது? வரியும் அங்கேதான் கட்டுகிறோம். கட்டுகிறவர்களைச் சொல்கிறேன், மற்றவர்களுக்குக் கீழே தனியாக ஒரு பத்தி இருக்கிறது.

இந்த மன்றத்துக்கு இதுதான் கடைசி வருடம். 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்து மார்ச் 2-ல் உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். ஐந்து வருடக் கணக்கு 2027 மார்ச்சில் முடிகிறது. முடிந்த கையோடு அடுத்த தேர்தல் வரும் என்று நம்பி இருக்க முடியாது. 2016 அக்டோபரில் தேர்தல் என்று தேதி வரை அறிவித்த பிறகும் உயர் நீதிமன்றத்தில் அது ரத்தாகி, ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் கையில் கிடந்தது ஊர். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் செயல் அலுவலரைத்தான் தேடிப் போகவேண்டும், அவர் பாதி நாள் இருக்கமாட்டார். மும்பையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கேயும் 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. 2026 ஜனவரியில் ஓட்டுப் போடும்வரை சாக்கடை அடைப்புக்கு யாரிடம் போய் நின்றோம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஒரு வருடம் என்றாலும் முழு வருடம் கிடையாது. சட்டமன்றத் தேர்தல் நடத்தை விதி இருக்கும்வரை புது டெண்டர் விடமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை, பள்ளம் தோண்ட முடியாது. மிச்சமிருக்கிற மாதங்களில் நடப்பதுதான் நடக்கும். அதனால் பதினைந்து தீர்மானத்தில் எது முக்கியம் என்று நாம் இப்போதே சொல்லியாக வேண்டும்.

வாரச்சந்தை, பேருந்து நிலைய வசூல், கட்டணக் கழிப்பிடம் ஏலமெல்லாம் வழக்கம்போல. தெருவிளக்கை எல்.இ.டி. ஆக மாற்றுவது, குப்பையைத் தரம் பிரிக்கும் வளம் மீட்பு பூங்காவுக்கு ஒரு ஷெட், பேட்டரி வண்டி. இதில் நாம் சொல்ல ஒன்றுமில்லை, நடக்கட்டும்.

இனி வரி. 2022 ஏப்ரலில் சொத்து வரி ஏறியது. வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். 15-வது நிதிக்குழுவின் மானியம் வேண்டுமென்றால், மாநிலத்தின் உற்பத்தி வளர்வதற்கு ஈடாக வரி வசூலும் வளரவேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அதனால் பழைய தொகையே இருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏப்ரல் 30-க்குள் முதல் அரையாண்டைக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. தாமதமானால் மாதம் 1 சதவீதம் அபராதம். பாக்கிப் பட்டியலில் பூட்டிய வீடுகள் வரிசையாக இருக்கின்றன. மேலத்தெருவில் பாதி நம்ம ஆட்கள் வீடு. ஊர்ப்பக்கம் கோயில் கொடைக்கு மட்டும் வந்து, வாசலைத் துடைத்துக் கோலம் போட்டுவிட்டுப் போகிற வீடுகள். பெயர் சொல்லமாட்டேன், அவரவருக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பெயர் மாற்றம். பல வீட்டு ரசீது இன்னும் தாத்தா பெயரிலேயே வருகிறது. தாராவியில் மறுசீரமைப்பு சர்வேக்கு 2000-க்கு முந்தைய காகிதம் எங்கே என்று கேட்டபோது நம்ம ஆட்கள் ட்ரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடியதைப் பார்த்தோமே. அந்தப் புத்தி ஊர் வீட்டுக்கும் வரவேண்டும். வாரிசுச் சான்றிதழ், பத்திர நகல், கடைசி ரசீது மூன்றையும் வைத்து இந்த வருடமே விண்ணப்பித்துவிடுங்கள். வார்டு உறுப்பினர் கூட வந்து நிற்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு கோளாறு கண்ணில் பட்டது. மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டத்தில் தெருக்களுக்குப் புதுக் குடிநீர்க் குழாய் பதிக்க ஒரு தீர்மானம். அதே கூட்டத்தில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் பேவர் பிளாக் கல் பதிக்க இன்னொரு தீர்மானம். எது முதலில் என்று ஒரு வரியும் இல்லை. கல் பதிக்கிற டெண்டர் சின்னது, சீக்கிரம் முடியும். குழாய் வேலை குடிநீர் வடிகால் வாரியம் வரை போய்த் திரும்ப வேண்டும். விட்டால் புதுக் கல்லைப் பெயர்த்துத்தான் குழாய் இறக்குவார்கள். கல் வேலையைப் பின்னால் தள்ளச் சொல்லி சங்கத்தின் பெயரில் தலைவருக்கும் செயல் அலுவலருக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டேன், இதோடு இணைத்திருக்கிறேன். இணைப்பு வாங்க நினைப்பவர்கள் குழாய் வரும்போதே டெபாசிட் கட்டிவிடுவது நல்லது.

இனி எரிவாயு தகன மேடை. அஜெண்டாவில் இரண்டே வரிதான். ஆனால் ஊரில் இதைப் பற்றித்தான் பேச்சு.

ஓடைக்கரையில் பொது மயானம் என்று ஒன்று இருந்தாலும் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு பாதை. தகன மேடை வந்தால் எல்லோருக்கும் ஒரே மேடை, ஒரே வாசல். அதுதான் சிலருக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் நேரில் போய் ஆட்சேபம் சொல்லியிருக்கிறார்கள். காரணம் கேட்டால் புகை வரும், ஓடை கெடும் என்கிறார்கள். இத்தனை வருடம் விறகும் டயரும் எரித்தபோது வராத புகையா? உண்மையான காரணம் நமக்குத் தெரியாதா என்ன. இங்கே சயான் மயானத்தில் நமக்கு முன்னால் யார் வீட்டுப் பாடை, பின்னால் யார் வீட்டுப் பாடை என்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கே வரிசையில் நின்றவர்கள் ஊருக்கு போன் போட்டு ஆட்சேபத்துக்குத் தூபம் போடுவது நன்றாக இல்லை. இரண்டு பேர் அப்படிச் செய்ததாகக் கேள்வி. பொய்யாக இருந்தால் சந்தோஷம்.

நமக்குத்தான் அந்த மேடை அதிகம் தேவை. அப்பா தவறிவிட்டார் என்று தகவல் வந்ததும் நாம் சாளுக்கியா ரயிலை நம்பிப் போகமுடியாது. தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ பிளைட் கிடைத்துப் போய்ச் சேரும்வரை உடல் ஐஸ் பெட்டியில் இருக்கும். போன கார்த்திகையில் எங்கள் சித்தப்பா காரியத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஈர விறகு பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, பஞ்சர் கடையிலிருந்து பழைய டயர் நாலு கொண்டுவந்து போட்டார்கள். ஒதுங்க ஒரு தகரக் கூரை இல்லாமல் பொம்பளைப் பிள்ளைகளும் வயசானவர்களும் மழையில் நின்றார்கள். கேஸில் எரித்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அஸ்தியைக் கையில் கொடுத்துவிடுவார்கள், மறுநாள் காலையில் சாம்பல் அள்ளப் போகவேண்டியதில்லை.

மேடைக்கு அரசுப் பணம் வரும். காம்பவுண்டுச் சுவர், காத்திருக்கும் கூடம், தண்ணீர்த் தொட்டி இதற்கெல்லாம் நிதி ஒதுக்கவில்லை. நம்மிடம் ஊர் நுழைவில் ஆர்ச் கட்ட என்று வசூலித்த பணம் பேங்கில் இருக்கிறது. அதை இந்த வேலைகளுக்குப் போடலாம் என்கிறேன். 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். அதாவது நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் இரண்டு ரூபாய். ஆர்ச்சுக்கு இந்த வழி கிடையாது, முழுச் செலவும் நம் தலையில். தவிர அந்த நுழைவு ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, பேரூராட்சி தீர்மானம் போட்டாலும் அனுமதி தரவேண்டியது அவர்கள். வைக்கோல் லாரி முட்டாத உயரத்துக்குக் கட்டினால் மதிப்பீடு எங்கே போய் நிற்கும் என்று கட்டுமானத்தில் இருக்கிற கல்யாண் மாப்பிள்ளை சொல்லட்டும்.

ஆர்ச்சே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எந்த வருடமும் கட்டலாம். கூடத்துக்குத் தீர்மானம் போட, மன்றம் என்று ஒன்று இருக்கவேண்டும். அது இந்த வருடத்தோடு சரி. சுடுகாட்டில் போய் நம்ம பேரைக் கல்லில் வெட்டுவதா என்று மயினிமார் இப்போதே முகம் சுளிக்கிறார்களாம். பெயரில்லாமலே கட்டலாமே, என்ன குறைந்துவிடும்?

வருகிற ஞாயிறு சாயங்காலம் வழக்கமான இடத்தில், மாட்டுங்காவில் கூட்டம். வரிபாக்கி உள்ளவர்கள் ரசீது நகலைக் கொண்டுவந்தால் அங்கேயே இணையத்தில் கட்டிக்கொடுக்க இரண்டு பிள்ளைகளை ஏற்பாடு செய்திருக்கிறேன். புனே, சூரத் ஆட்கள் போனில் சேர்ந்துகொள்ளலாம். ஆர்ச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள் சம்மதமோ மறுப்போ சனிக்கிழமைக்குள் எனக்கு எழுதிவிடுங்கள். எழுதாதவர்கள் பங்கை நான் தொடமாட்டேன், பின்னால் அதற்கு ஒரு பஞ்சாயத்து வேண்டாம்.

செம்பூரிலிருந்து,
சங்கப் பொருளாளர்