ஆண்டீரியர் ப்ளசென்டான்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு, அசைவும் சரியா தெரியல, இது நார்மலா?

முதல்முறை_அம்மா:

ஹாய் சிஸ்டர்ஸ், எனக்கு இது முதல் குழந்தை, இப்போ 21வது வாரம் நடக்குது. போன வாரம் அனாமலி ஸ்கேன் எடுத்தோம், குழந்தை நல்லா இருக்கு, ஹார்ட்பீட் வளர்ச்சி எல்லாம் ஓகேன்னு சொல்லிட்டாங்க. ஆனா ரிப்போர்ட்ல ப்ளசென்டாங்கிற இடத்துல, அதாவது நஞ்சுக்கொடிக்கு, ஆண்டீரியர்னு போட்டிருக்கு. டாக்டர்கிட்ட கேட்டேன், "அது ஒண்ணும் இல்லமா, நஞ்சு முன்பக்கம் இருக்கு, அவ்ளோதான்"னு சொல்லிட்டு அடுத்த ஆள கூப்பிட்டுட்டாங்க, மேல கேக்கவும் ஒரு மாதிரி இருந்துச்சு, வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பிச்சதுல இருந்துதான் தூக்கம் போச்சு. என்னோட ஃப்ரெண்டுக்கும் கிட்டத்தட்ட இதே வாரம்தான், அவ தினமும் "உதைக்குதுடி, இப்பகூட உதைக்குது"ன்னு மெசேஜ் போடுறா. எனக்கு ஒண்ணுமே தெரியல. எப்பவாவது அடிவயித்துல என்னமோ ஓடுது, அது கேஸா குழந்தையான்னுகூட சொல்லத் தெரியல. இது போதாதுன்னு மாமியார் நஞ்சு முன்னாடி இருந்தா பொம்பளப் பிள்ளதான்னு முடிவே பண்ணிட்டாங்க, இன்னொரு அக்கா முன்னாடி இருந்தா நார்மல் டெலிவரி ஆகாது, ஆபரேஷன்தான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. யாருக்காவது இப்படி இருந்துச்சா? அசைவு எப்போ தெரிஞ்சுச்சு? நிஜமாவே நார்மல் ஆகாதா? ப்ளீஸ் யாராவது சொல்லுங்க.

ரெண்டுவாலு_அம்மா:

ஐயோ இதுக்குப் போயா தூக்கத்த கெடுத்துக்குறீங்க, விடுங்க மா. எனக்கு மூத்தவனுக்கு ப்ளசென்டா பின்பக்கம், சின்னவளுக்கு முன்பக்கம், ரெண்டையும் பாத்துட்டேன் அதனால சொல்றேன். மூத்தவன் சட்டைக்கு மேலயே தெரியுற மாதிரி உதைப்பான், எதிர்ல உக்காந்திருக்கவங்களே பாத்துட்டு சிரிப்பாங்க. சின்னவ அப்படி இல்ல, வயித்துல ஒரு தலகாணிய கட்டிட்டு அதுக்கு மேல யாரோ தட்டுனா எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்துச்சு, ரெண்டாவது குழந்தை சீக்கிரமே தெரியும்னு எல்லாரும் சொன்னாங்க ஆனா எனக்கு முதல் குழந்தைய விட லேட்டாதான் தெரிஞ்சுச்சு.

ஒண்ணு கவனிச்சுப் பாருங்க, தொப்புளச் சுத்தி தேடாதீங்க. ரெண்டு பக்க இடுப்பு ஓரம், அடிவயிறு, யூரின் பை இருக்குற இடம், அங்கதான் முதல்ல தெரியும். எனக்கு பாத்ரூம் போற இடத்துல சுருக்குனு இருக்கும், அது அவ உதைன்னே ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுச்சு. நைட்டு படுத்து அமைதியா இருக்கும்போது கவனிங்க, பகல்ல வேலை செஞ்சுட்டே இருந்தா யாருக்குமே சரியா தெரியாது. வீட்டுக்காரர் கை வச்சுப் பாத்தாலும் இப்போதைக்கு அவருக்கு தெரியாது, என் வீட்ல கை வச்சு வச்சு பாத்து கோச்சுக்கிட்டே போயிட்டார். அந்த ஃப்ரெண்டோட மெசேஜ கொஞ்ச நாளைக்கு ம்யூட்ல போட்டுடுங்க 😄

டெலிவரி ரெண்டுமே நார்மல்தான்.

ஸ்கேன்ரூம்_அக்கா:

நான் ஸ்கேன் சென்டர்ல வேலை செய்றவ, தினமும் இந்தக் கேள்வி வரும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

கரு உருவாகி கர்ப்பப்பைக்கு வந்து எந்த இடத்துல ஒட்டுதோ அங்கதான் நஞ்சு வளரும். முன்சுவர்ல ஒட்டுனா ஆண்டீரியர், பின்சுவர்ல ஒட்டுனா போஸ்டீரியர், உச்சியில ஒட்டுனா ஃபண்டல், பக்கவாட்டுலயும் இருக்கும். நீங்க எப்படி படுத்தீங்க என்ன வேலை செஞ்சீங்கங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, நீங்க எதுவும் பண்ணி அது அங்க போகல. முன்பக்கம் இருக்குறது நோயும் இல்ல, குறையும் இல்ல, ரொம்ப சாதாரணமா நாங்க பாக்குற ஒண்ணு. குழந்தைக்குப் போற ரத்தம், ஆக்சிஜன் எதுவும் இதனால குறையாது.

மாறுறது என்னன்னா, உங்க வயித்துத் தோலுக்கும் குழந்தைக்கும் நடுவுல நஞ்சு இருக்கு. அதனால ஆரம்பத்துல அசைவு மந்தமா தெரியும், லேட்டா தெரியும். முதல் குழந்தைன்னா பொதுவா 18ல இருந்து 20 வாரத்துலதான் தெரிய ஆரம்பிக்கும், ஆண்டீரியர்னா அதுக்கும் மேல போகலாம். நீங்க 21தான், அதுலயும் என்னமோ ஓடுதுன்னு சொல்றீங்க, அது அனேகமா குழந்தைதான். ஆனா 24 வாரம் முடிஞ்சும் ஒரு தடவகூட எதுவுமே உணரலன்னா அப்போ வெயிட் பண்ணாம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அவங்க ஹார்ட்பீட் பாத்து தேவைப்பட்டா ஸ்கேனும் பண்ணுவாங்க.

செக்கப்ல டாப்ளர் வச்சு ஹார்ட்பீட் தேடும்போதும் கொஞ்சம் நேரம் ஆகும், முன்னாடி நஞ்சு இருக்குறதால விஷ் விஷ்னு ரத்தம் ஓடுற சத்தம்தான் முதல்ல கேக்கும். அது கேட்டு பயந்துடாதீங்க. இதுக்காகவே சொல்றேன், வீட்ல மெஷின் வாங்கி வச்சு நீங்களே தேடாதீங்க. உங்க நாடித்துடிப்ப குழந்தையோடதுன்னு நினைச்சு நிம்மதியா இருந்துடுற ஆபத்து இருக்கு, குழந்தையோடது நிமிஷத்துக்கு 110ல இருந்து 160 வரைக்கும் இருக்கும், ஆனா பதட்டத்துல உங்களோடதும் ஏறிடும், அப்புறம் எது யாரோடதுன்னு எப்படி தெரியும்.

ஆணா பொண்ணாங்கிறதுக்கும் நஞ்சு எந்தப் பக்கம் இருக்குங்கிறதுக்கும் சம்பந்தம் கிடையாது. மாமியார் சொன்னது நடந்தாலும் பாதிக்குப் பாதி வாய்ப்புல நடந்ததுதான். நார்மல் டெலிவரிக்கு முன்பக்கம் பின்பக்கம் முக்கியம் இல்ல, மேல இருக்கா கீழ இருக்காங்கிறதுதான் முக்கியம். ரிப்போர்ட்ல அதே லைன்ல இன்னும் ஏதாவது எழுதி இருக்கும், லோ லையிங், இன்டர்னல் ஆஸ்னு ஏதாவது இருக்கான்னு பாத்து அப்படியே இங்க போடுங்க.

மழைச்சாரல்:

எனக்கும் ஆண்டீரியர் தான் சிஸ். 23 வாரம் வரைக்கும் ஒண்ணும் தெரியல, அப்புறம் தெரிய ஆரம்பிச்சு கடைசில தூங்கவே விடல. நார்மல் டெலிவரி. டோன்ட் வொரி.

குட்டிமா_2:

எனக்கும் இதேதான்பா. 33வது வாரத்துல திடீர்னு அசைவு ரொம்ப குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, எல்லாரும் ஆண்டீரியர்னா அப்படித்தான் இருக்கும், கடைசி மாசத்துல இடம் பத்தாது குழந்தை அசையாதுன்னு சொன்னாங்க, நானும் விட்டுட்டேன், ஒண்ணும் ஆகல, குழந்தை நல்லா பொறந்துச்சு. அதனால சும்மா சும்மா ஹாஸ்பிடல் ஓடாதீங்க, டென்ஷன்தான் மிச்சம்.

ஸ்கேன்ரூம்_அக்கா:

குட்டிமா, உங்களுக்கு நல்லபடியா முடிஞ்சதுல சந்தோஷம், ஆனா இந்த அட்வைஸ மட்டும் யாரும் எடுத்துக்காதீங்க, கோச்சுக்காதீங்க.

நஞ்சு முன்னாடி இருக்குறது அசைவு மந்தமா தெரியுறதுக்கு காரணம், அதுவும் 28 வாரம் வரைக்கும்தான் அத ஒரு காரணமா சொல்லலாம். நேத்து வரைக்கும் நல்லா தெரிஞ்ச அசைவு இன்னைக்கு குறைஞ்சா அதுக்கு அது காரணமே இல்ல. நஞ்சு நேத்தும் அதே இடத்துலதானே இருந்துச்சு? அப்போ மாறுனது வேற என்னமோ, அத செக் பண்ணித்தான் ஆகணும்.

கடைசில இடம் இல்லாம குழந்தை அசையாதுங்கிறதும் தப்பு. 32 வாரம் வரைக்கும் அசைவு கூடிட்டே வரும், அதுக்கு அப்புறம் கிட்டத்தட்ட அதே அளவுல இருக்கும். விதம் மாறலாம், பெரிய உதைக்கு பதிலா உருளுறது நெளியுறதுன்னு இருக்கும், ஆனா குறையக்கூடாது, பிரசவ வலி வர்ற வரைக்கும் அசைஞ்சுட்டேதான் இருக்கணும். குழந்தை தூங்குறது 20ல இருந்து 40 நிமிஷம், வயித்துல இருக்குற குழந்தை 90 நிமிஷத்துக்கு மேல ஒரேடியா தூங்குறது ரொம்ப அபூர்வம். அதனால நாள் பூரா தூங்குதுன்னு நினைச்சுட்டு இருக்காதீங்க.

28 வாரத்துக்கு மேல குறையுற மாதிரி சந்தேகம் வந்தா இடது பக்கமா படுத்து, ஃபோன தள்ளி வச்சுட்டு, ரெண்டு மணி நேரம் அசைவ மட்டும் கவனிங்க. அதுக்குள்ள தனித்தனியா 10 அசைவு வரலன்னா உடனே ஹாஸ்பிடலுக்கு ஃபோன் பண்ணுங்க, ராத்திரியா இருந்தாலும் சரி. அசைவு சுத்தமா நின்னுட்ட மாதிரி இருந்தா இந்த எண்ணுற வேலையே வேண்டாம், நேரா கிளம்பிடுங்க. ஏதாவது குடிச்சுட்டு பாப்போம், விடிஞ்சதும் பாப்போம்னு தள்ளிப் போடாதீங்க. அங்க போய் எல்லாம் நார்மல்னு சொல்லி அனுப்புனாலும் வெக்கப்படுறதுக்கு ஒண்ணும் இல்ல, மறுபடி குறைஞ்சா மறுபடியும் போங்க. எங்களுக்கு அது தொந்தரவே கிடையாது.

குட்டிமா_2:

சரிக்கா, எனக்கு யாரும் இப்படி விளக்கி சொல்லல. 🙏

முதல்முறை_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், அழுகையே வந்துடுச்சு. ரெண்டுவாலு அக்கா சொன்ன மாதிரி நைட்டு படுத்துட்டு ஓரத்துல கவனிச்சேன், இடது பக்கம் இடுப்புகிட்ட டொக்குனு ஒண்ணு, கொஞ்ச நேரம் கழிச்சு அதே இடத்துல இன்னொண்ணு!! இது கேஸ் இல்ல தானே?? வீட்டுக்காரர எழுப்பி கை வைக்க சொன்னேன், அவருக்கு ஒண்ணும் தெரியல, தெரியுதுன்னு சும்மா பொய் சொல்லிட்டு தூங்கிட்டார்.

அக்கா ரிப்போர்ட்ல இப்படி இருக்கு: ப்ளசென்டா ஆண்டீரியர், கிரேடு 1, கீழ் ஓரம் இன்டர்னல் ஆஸ்ல இருந்து 3.4 செமீ தள்ளி. இது லோ லையிங்கா? கிரேடு 1ன்னா என்ன, ஏதாவது பிரச்சனையா? அப்புறம் குப்புற படுக்குறது, குனிஞ்சு வேலை செய்றது இதெல்லாம் நஞ்ச அமுக்கிடுமா?

ஸ்கேன்ரூம்_அக்கா:

ஒரே இடத்துல ரெண்டு தடவ டொக்குனா அது உங்க ஆள்தான் 😊

இன்டர்னல் ஆஸ்னா கர்ப்பப்பை வாயோட உள்பக்கம், குழந்தை வெளிய வர்ற வழி. நஞ்சோட கீழ் ஓரம் அதுல இருந்து 2 செமீக்குள்ள இருந்தா லோ லையிங்னு சொல்வோம், வாயையே மூடிட்டு இருந்தா ப்ரீவியா. உங்களுக்கு 3.4, அதனால லோ லையிங் இல்ல. இனி அந்த ஆபரேஷன் அக்கா சொன்னத மறந்துடுங்க. உங்களுக்கு ஆபரேஷன் வந்தா அது வேற காரணத்துக்கு வரலாம், இதுக்காக வராது.

இத படிக்குற மத்தவங்களுக்கு லோ லையிங்னு வந்திருந்தாலும் 20 வாரத்துல அத வச்சு முடிவு பண்ண வேண்டாம். மாசம் ஏற ஏற கர்ப்பப்பையோட கீழ்ப்பகுதி விரிஞ்சு நீளும், அதுகூட நஞ்சும் மேல போயிடும், பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான் ஆகும். 32 வாரம் வாக்குல திரும்ப ஸ்கேன் பண்ணுவாங்க, அதுக்கு டிவிஎஸ்னு உள்ள வச்சு பாக்குற ஸ்கேன் சொன்னா பயப்படாம ஒத்துக்கங்க, அதுலதான் தூரம் சரியா தெரியும், குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. அதுவரைக்கும் வலி இல்லாம ரத்தம் பட்டாலும் சரி, உடனே போகணும், ரத்த வகை நெகட்டிவா இருந்தா போனதும் அத முதல்ல சொல்லுங்க, ஊசி தேவைப்படலாம்.

கிரேடு நஞ்சோட முதிர்ச்சிய சொல்றது, 0ல இருந்து 3 வரைக்கும் இருக்கும், அத டாக்டர் பாத்துப்பாங்க, நீங்க மண்டைய உடைச்சுக்காதீங்க. குனியுறது, சாதாரண வீட்டு வேலை எதுவும் நஞ்ச அமுக்காது. இப்போ குப்புற படுத்தாலும் ஒண்ணும் இல்ல, கொஞ்ச நாள்ல வயிறே விடாது. 28 வாரத்துக்கு மேல மல்லாக்க தூங்காம பக்கவாட்டுல படுங்க, அது எல்லா கர்ப்பிணிகளுக்கும்தான். கீழ விழுந்தாலோ வயித்துல பலமா அடிபட்டாலோ, நஞ்சு எந்தப் பக்கம் இருந்தாலும், வலி இல்லன்னாலும் போய் காட்டிடணும். வயிறு கல்லு மாதிரி இறுகி விடாம வலிச்சா அதுவும் அவசரம்தான்.

தேன்மொழி_ரெண்டாவது:

நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்கங்க, எனக்கும் ஆண்டீரியர்தான், 22 வாரம், ஆனா லோ லையிங்னும் போட்டிருக்கு. முதல் குழந்தை சிசேரியன். வீட்ல எல்லாரும் மேல ஏறிடும்னு சொல்றாங்க, மேல படிச்சதும் எனக்கும் நிம்மதியாதான் இருக்கு, அப்போ நானும் 32 வாரம் வரைக்கும் வெயிட் பண்ணா போதுமா?

ஸ்கேன்ரூம்_அக்கா:

இல்ல மா, நீங்க வெயிட் பண்ணாதீங்க, உங்களுக்கு நான் சொல்றது வேற. பயமுறுத்த சொல்லல, ஆனா சிசேரியன் தழும்பு கர்ப்பப்பையோட முன்பக்கம் கீழ்ப்பகுதியிலதான் இருக்கும், உங்க நஞ்சும் முன்பக்கம் கீழதான் இருக்கு. ரெண்டும் ஒரே இடத்துல வந்தா நஞ்சு தழும்புக்குள்ள ஆழமா வேர் விட்ட மாதிரி ஒட்டிக்கிற வாய்ப்பு மத்தவங்கள விட அதிகம், அத அக்ரீட்டான்னு சொல்வாங்க. பிரசவத்தப்ப அது சரியா பிரியாம ரத்தப்போக்கு ரொம்ப அதிகமாயிடும். எல்லாருக்கும் வர்றது இல்ல, பாத்து இல்லன்னு தெரிஞ்சுட்டா நிம்மதி. முன்னாடியே தெரிஞ்சா ரத்தம், டாக்டர்கள் எல்லாம் தயாரா இருக்குற பெரிய ஹாஸ்பிடல்ல தேதி குறிச்சு பண்ணிடலாம், கடைசி நேரத்துல தெரியுறதுதான் சிக்கல்.

அடுத்த செக்கப் வரைக்கும்கூட இருக்காதீங்க, இந்த வாரமே டாக்டர பாத்து, முதல் குழந்தை சிசேரியன், இப்போ ஆண்டீரியர் லோ லையிங், தழும்பு மேல நஞ்சு இருக்கான்னு கலர் டாப்ளர்ல பாக்கணுமான்னு இதே வார்த்தைல கேளுங்க. கலர் டாப்ளர்னா ரத்த ஓட்டத்த கலர்ல காட்டுற ஸ்கேன். சந்தேகம் இருந்தா எம்ஆர்ஐ சொல்லலாம், அதுக்கு பயப்பட வேண்டாம். போகும்போது பழைய ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துட்டுப் போங்க. அவங்க பாத்து சொல்ற வரைக்கும் தாம்பத்தியத்த தவிர்த்துடுங்க, லேசா ரத்தம் பட்டாலும் நேரா எமர்ஜென்சிதான்.

தேன்மொழி_ரெண்டாவது:

சரிக்கா. வியாழக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன், நீங்க சொன்னத அப்படியே பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டேன். பாத்துட்டு வந்து என்ன சொன்னாங்கன்னு போடுறேன்.