புதுப்பிப்பு: கார்டு பாயின்ட்டில் அப்பா அம்மாவுக்குச் சென்னை–சிங்கப்பூர் டிக்கெட்

கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயின்ட்டைக் கிஃப்ட் வவுச்சராக மாற்றுவதா, கிரிஸ்ஃபிளையர் மைலாக (சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் டிக்கெட் எடுக்க உதவும் அதன் பாயின்ட்) மாற்றுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மைல்தான் சரியாக வந்தது, டிக்கெட் கையில்.

கைகொடுத்தது, "முதலில் சீட்டைப் பார், பிறகு பாயின்ட்டை மாற்று" என்ற யோசனை. ஒருமுறை மைலாக்கிவிட்டால் திரும்ப பாயின்ட்டாக்க முடியாது. மைலுக்கும் 36 மாதம்தான் ஆயுள். அதனால் சேவர் சீட் (குறைந்த மைலில் கிடைப்பது) தெரியும் தேதிகள் நாலைந்தைக் குறித்துக்கொண்டு, தேவையான அளவு மட்டும் மாற்றினேன். மைல் வந்து சேரச் சில நாள் ஆகும், அதற்குள் ஒரு தேதி போனாலும் இன்னொன்று இருக்கும். ஒரு வழிக்கு மட்டும் எடுக்கலாம் என்பதால் போக மைல், திரும்பப் பணம். திரும்பும் தேதிகளில் அட்வான்டேஜ் சீட்தான் இருந்தது. அதற்கு மைல் அதிகம், கட்டுப்படியாகாது.

லாபம் பார்க்க: டிக்கெட் விலையில் வரியைக் கழித்து, மீதியை மைல் எண்ணிக்கையால் வகுங்கள், ஒரு மைலின் மதிப்பு தெரியும். வரியைக் கழிக்காவிட்டால் கணக்கு பொய்யாகும், மைலில் எடுத்தாலும் வரியைத் தனியாகக் கட்ட வேண்டும்.

எதிர்பாராதது பெயர் விஷயம். நம்மூர் இனிஷியல் இங்கே படுத்தும். கார்டில் இனிஷியலும் மைல் கணக்கில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால் மாற்றம் நின்றுவிடலாம், முன்பே சரிசெய்யுங்கள். அப்பா அம்மாவை நாமினியாக (நம் மைலில் டிக்கெட் எடுத்துத்தரக்கூடியவர்) மைல் கணக்கில் சேர்க்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். ஐந்து பேர் வரைதான் இடம்.